வடமதுரையில் கசிந்த வினாத்தாள்

பூட்டு, எலுமிச்சம்பழம், சைக்கிள். வடமதுரையில் எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரு காலத்தில் இந்த மூன்று சொற்களும் மனப்பாடம். முதுமையில் ஞாபகம் எப்படிக் குறைகிறது என்று ஆராய, மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா தன் குழுவோடு கல்யாண மண்டபத்துக்கு வந்திருந்தார். மூன்று சொற்களைச் சொல்வார். வேறு ஏதோ பேசிவிட்டு, சற்று நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்பார். முதலில் உள்ளே போன எதிர்வீட்டு மில்காரர், வெளியே வந்ததும் வராததுமாக வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டார்: "பூட்டு, எலுமிச்சம்பழம், சைக்கிள். அம்புட்டுதான், தைரியமாப் போங்க."

அந்த வரிசையில் நானும் என் அக்காவும் நின்றோம். கணவரை இழந்தபின் அக்கா என் வீட்டில்தான் இருந்தாள். சில மாதங்களாகவே அவளிடம் ஒரு மந்தம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். நன்றாகப் பழகியவர்களின் பெயருக்கே தடுமாறினாள். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சோதனை எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், வாத்தியார் வீட்டில் ஒருத்தி ஃபெயில் ஆவதா என்ற நினைப்பு முந்திக்கொண்டது. அவள் முறை வரும்வரை அந்தச் சொற்களைக் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். "ஏலே, கல்யாணத்துக்கு வந்த எடத்துல எதுக்குடா பரீட்சை?" என்றாள். அதைக் கேட்டபோதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். துணைக்கு என்று கூடவே போய், டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்தேன். அக்கா முழு மதிப்பெண் வாங்கினாள். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் ரத்தம் எடுத்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் ஊசி குத்தவில்லை.

அடுத்த ஆண்டு டாக்டரம்மா சொற்களை மாற்றிக்கொண்டு வந்தார். தெருவே பழைய பதிலைச் சொன்னது. மில்காரர் சண்டையே போட்டார்: "போன வருசம் சரின்னீங்க, இந்த வருசம் தப்புங்கிறீங்க?" டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா மட்டும் பழையதையும் சொல்லவில்லை, புதியதையும் சொல்லவில்லை. "தம்பி எங்க? அவன்தான் சொல்லுவான்" என்று என்னைத் தேடினாள். டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. ஞாபகம் மங்கியதற்கு அதுதான் காரணம். "மாத்திரையில தேறிடுவாங்க சார். போன வருசமே தெரிஞ்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்கா தேறினாள். இப்போது சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் அறிவிக்கிறாள். ஆனால் இடையில் போன அந்த ஓர் ஆண்டு அவளுக்குத் திரும்பவில்லை. சென்ற வாரம், அந்த ஆண்டில் நடந்த அவள் பேத்தியின் காதுகுத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். அந்த நாளில் நடந்த எதுவுமே அவளுக்கு நினைவில்லை.

"நல்லாத்தான சிரிச்சிருக்கேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ கூட இருந்தேல்ல. சொல்லு, புள்ள ரொம்ப அழுதுச்சா? பந்தியில என்ன வெஞ்சனம்?"

குழந்தை அழுத கதையைச் சொன்னேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் வைத்தார்கள் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்த எதையாவது சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியிருப்பாள்.

"தெரியலக்கா" என்றேன்.

"போடா, நீயெல்லாம் ஒரு வாத்தியாரு" என்று சிரித்தாள்.