நிவாரண ரயில் போன சாயங்காலம்

அந்தமானில் ரயில் கிடையாது. எனக்கோ ரயில் பைத்தியம். அதுவும் எல்லோரும் ஏறிப் போகிற ரயில் அல்ல. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கும் இயந்திரம், மின்கம்பியைச் சரிபார்க்கக் கூரையில் மேடை கட்டிய பெட்டி, தார்ப்பாய்க்குள் பீரங்கிகளை மூடிக்கொண்டு போகும் ராணுவ வண்டி என்று எந்த அட்டவணையிலும் இல்லாதவற்றைத்தான் படம் எடுப்பேன். லீவு போட்டு மெயின்லேண்ட் போனால், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஏதாவது ரயில்வே பாலத்தில் போய் நிற்பேன். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் எங்கள் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஜல்லி இடிக்கும் இயந்திரம் தொங்கியது. "வர்றவங்க எல்லாம் இது எந்தப் புனிதர்னு கேக்குறாங்க" என்பாள் என் மனைவி.

அவளுக்கு மார்பில் கட்டி தெரிந்தது மழை பிடித்துக்கொண்ட சமயத்தில். உடனே மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள் என்று இங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். "ஜஹாஜ் வரட்டும்" என்றாள். தமிழ் வீட்டிலும் கப்பலுக்கு இங்கே இந்திப் பெயர்தான். வெங்காயம் ஜஹாஜ் வந்தால்தான், சிமென்ட் ஜஹாஜ் வந்தால்தான், கல்யாணப் புடவைகூட ஜஹாஜ் வந்தால்தான். காத்திருப்பதை நாங்கள் காத்திருப்பதாகவே நினைப்பதில்லை. கடல் கொந்தளிப்பில் ஒரு கப்பல் ரத்தானது. அடுத்தது ரிப்பேருக்குப் போனது. விமானத்தில் போகலாம் என்று கத்தினேன். "ஃப்ளைட்ல தூக்கிட்டுப் போற அளவுக்கு எனக்கு என்ன வந்திருச்சு? சும்மா இருங்க" என்று அவளும் கத்தினாள். எங்கள் தெருவில் வியாதியோடு விமானம் ஏறியவர்கள் யாரும் உயிரோடு திரும்பியதில்லை. அந்தப் பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

கடைசியில் கப்பல் வந்து, சென்னை போய்ச் சேர்ந்தோம். அங்கே டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முற்றிவிட்டது என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். வலியைவிட அந்தப் பாதிப் பேச்சுதான் அவளைத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால், "நான்தானே ஜஹாஜ் ஜஹாஜ்னு இருந்தேன்" என்பாள். மாத்திரையை விழுங்கிவிட்டும் அதையே சொல்வாள். ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. சில சமயம் எரிச்சல்கூட வந்தது.

நாங்கள் தங்கிய லாட்ஜுக்குப் பின்பக்கம் ரயில் பாதை. ஒரு சாயங்காலம் யார்டில் சங்கு ஊதியது. கேமராவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். விபத்து நிவாரண ரயில். வெறுமனே நிற்கும்போது பார்த்திருக்கிறேன். அது அவசரமாகக் கிளம்பிப் போவதை ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள். "அது என்ன வண்டிங்க?"

"எங்கயோ ஆக்ஸிடென்ட். டாக்டர், மருந்து எல்லாம் அதுலயே போகுது. இது வந்தா எக்ஸ்பிரஸ்கூட ஒதுங்கி நின்னு வழி விடணும்."

பக்கத்துத் தண்டவாளத்தில் அப்படி ஒரு எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள்.

"இவ்வளவு வேகமாப் போனா பொழச்சிருவாங்கல்ல?"

அவள் கேட்டது தன்னைப் பற்றித்தான். பிழைப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தெரியல, பாப்போம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் போனில் செய்தி வந்துவிட்டது. காலிச் சரக்கு வண்டி ஒன்று தடம் புரண்டிருந்தது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டு பேர் போயிட்டாங்களாம்" என்றேன். "வண்டி உடனே போய்ச் சேர்ந்திருச்சு. டாக்டருங்க எல்லாரும் இருந்திருக்காங்க. ஒண்ணும் பண்ண முடியலையாம்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம், "அப்ப சீக்கிரம் போனாலும் சிலருக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

"ஆமா."

அதற்குப் பிறகு அவள் ஜஹாஜ் பேச்சை எடுக்கவே இல்லை. மறுநாளிலிருந்து ஜெபமாலை முடிந்ததும், அந்த இரண்டு பேருக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டுத் தனியாக ஒரு ஜெபம் சொன்னாள். கடைசிவரை அதை விடவில்லை. குரல் போன பிறகும் உதடுகள் அசைந்தன. நான் பக்கத்தில் முழந்தாளிட்டு ஆமென் சொன்னேன்.