தேயிலைப் பெட்டியில் புகைத்த மீன்

இந்த மலையில் எதுவும் காயாது. ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். காலையில் உதறிப் போட்ட வேட்டி மாலையில் இன்னும் ஈரமாக இருக்கும். தீப்பெட்டியை மடியில் முடிந்து உடம்புச் சூட்டில் வைத்திருந்தால்தான் குச்சி பற்றும். இங்கே வந்த புதிதில் என் மனைவி ஆரோக்கியம், துறையூர்ப் பக்கத்துப் பழக்கத்தில், கொத்தவரங்காயை வேகவைத்து வற்றலுக்காக முறத்தில் பரப்பி வாசலில் வைத்தாள். மூன்றாம் நாள் பார்த்தால் பூனைக்குட்டியின் முடிபோல வெள்ளையாகப் பூஞ்சை. "இந்த ஊரு சூரியனுக்கு யாருங்க பேரு போடுறது? வேலைக்கே வர மாட்டேங்குதே" என்றாள். ஊரில் வெயில் செய்து கொடுத்த வேலையை இங்கே புகையிடம்தான் கேட்க வேண்டும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இப்போது ஜப்பான்காரன் போய்விட்டான். கப்பல் ஓடுகிறது, தபால் வருகிறது. என்றாலும் வீட்டுக்குப் பின்னால் புகை எழுந்தால் நான் முதலில் பார்ப்பது அடுப்பை அல்ல, கீழே இருந்து ஏறி வரும் பாதையைத்தான். யாராவது வருகிறார்களா? எத்தனை பேர்? ஆரோக்கியம் இதைக் கவனித்துவிட்டாள். 

மலாய் நாட்டு மலையில் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வருவதற்கு முன் நான் பேராக்கில், கீழ்நாட்டு ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அங்கே ரப்பர்ப் பாலை உறையவைத்த ஷீட்டுகளைப் புகைக்கொட்டகையில் வரிசையாகத் தொங்கவிட்டுப் பழுக்க வைப்பார்கள். புகை அங்கே கூட்டாளி. தேயிலையில் புகை எதிரி. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். பேக்டரியில் பெட்டி கட்டும் இடத்துக்கு வெங்காயம் தின்றுவிட்டு வந்தவனைக்கூட நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'மூக்குக் கிராணி' என்று எனக்குப் பெயர்.

ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போனபின் பாதித் தோட்டம் காடாகிவிட்டது. மீதியில் கொஞ்சம் தேயிலையை விட்டுவைத்து, மற்றதில் மரவள்ளி நட்டோம். அரிசியைக் கண்ணால் காண்பது அரிதாகிவிட்டது. ஒருநாள் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. தோட்டத்தில் உள்ள ஆண்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். என் ஒரே மகன் சேவியருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அவன் பெயருக்கு நேரே 'காய்ச்சலில் இறந்தான்' என்று எழுதினேன். மையை ஒற்றிவிட்டு அடுத்த பெயரை எழுதினேன். 

எழுதுவதற்கு முந்தைய நாளே அவனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டோம். யுத்தத்துக்கு முன் தோட்டத்துக் கடைக்குத் தேனும் பெத்தாய் என்ற காட்டு அவரையும் கொண்டுவரும் செமாய்ப் பழங்குடிக்காரர் பா லோங், தன் குடியிருப்புக்கு அப்பால் ஒரு சாய்ப்புக் குடிசையில் அவனைத் தங்க வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே தீ மூட்டக்கூடாது. காட்டுக்குள் எங்கே புகை தெரிந்தாலும், கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கிறார்கள் என்று சிப்பாய்கள் தேடி வருவார்கள். எட்டு நாளைக்கு ஒருமுறைதான் பா லோங் சாப்பாடு வாங்க வருவார். எங்கள் சமையலோ இந்த ஈரத்தில் மறுநாளே புளித்துவிடும். முதல் வாரம் ஆரோக்கியம் கட்டிக்கொடுத்த மரவள்ளி, மூன்றாம் நாளே நூல் விட்டது என்று செய்தி வந்தது. அவன் பசியோடு கிடந்த அந்த ஐந்து நாளை எண்ணினால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் ரப்பர் தோட்டத்துப் புகைக்கொட்டகை நினைவுக்கு வந்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய காலித் தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் சரிவில் கவிழ்த்து வைத்தேன். ஆறடி கீழே ஒரு குழி. குழிக்கும் பெட்டிக்கும் நடுவே வாய்க்கால் வெட்டித் தகரத்தால் மூடினேன். பெட்டிக்குள் குறுக்கே கம்பிகள், மீனைத் தொங்கவிட. முதல் தடவை தீயை நன்றாக வளர்த்தேன். மீன் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. ஆரோக்கியம் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தாள். "ரப்பர் ஷீட்டுகூட இதைவிட மெதுவா இருக்குமுங்க. இதுல செருப்பு தைக்கலாம்."

பா லோங் குழியைப் பார்த்துச் சிரித்தார். எரிகிற கட்டைகளில் பாதியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "அப்பி பெசார், மாக்கான். அப்பி கெச்சில், சிம்பான்" என்றார். பெரிய தீ உடனே தின்பதற்கு, சின்னத் தீ கெடாமல் வைத்துக்கொள்வதற்கு. தீயைச் சின்னதாக வைக்கச் சொல்லும்போது, புகையை யாரும் பார்த்துவிடாமல் இருக்கத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டு, மூடுபனி இறங்கும் காலை வேளையில் மட்டும் மூட்டினேன். அவர் சொன்னபடி மீனும் பதமாகப் புகைந்தது, நான் நினைத்தபடி புகையும் பனியில் மறைந்தது.

கவ்வாத்தில் வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சிதான் விறகு. நீலமாக, மெல்லிசாகப் புகையும். பெர்த்தாம் ஆற்றுக் கெண்டையை முதுகில் கீறி, கிடைத்த துளி உப்பைத் தடவி இரண்டு காலை வேளை தொங்கவிட்டால் மரப்பட்டைபோல ஆகி எட்டு நாள் தாங்கும். ஆரோக்கியம் மரவள்ளியை வேகவைத்து வில்லையாக அரிந்து ஓலையில் கோத்துத் தொங்கவிட்டாள். கெட்டியாக வேகவைத்த முட்டை புகையில் தேக்கு நிறமானது. கத்தரிக்காயை வாட்டி மிளகாயோடு இடித்து உருட்டினாள். பூசணி விதை, பா லோங் கொண்டுவரும் காட்டுப்பன்றி இறைச்சி, எதுவும் தப்பவில்லை. ஒரே புகையில் கிடந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி. "பையன் ஒண்ணையே தின்னா வெறுத்துடுவான்" என்பாள். உயிர் பிழைக்கத் தின்பவனுக்கு ருசி எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அவள் இன்னொரு கத்தரிக்காயை எடுத்து வாட்டினாள்.

ஒருநாள் பேக்டரியில் நாற்பது பெட்டித் தேயிலை உடனே வேண்டும் என்றார்கள். பெட்டிகள் போதவில்லை. வீடு வீடாகக் கிடக்கும் காலிப் பெட்டிகளை எடுத்துவரும்படி கங்காணி பெரியண்ணனுக்கு உத்தரவு. நான் பேக்டரி மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் அன்றைய மீனை எடுத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுவிட்டு ஓடைக்குத் துவைக்கப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லாத அந்த நேரத்தில் பெரியண்ணன் எங்கள் பெட்டியையும் தூக்கி வந்து, கம்பியைப் பிடுங்கி, துடைத்து, அதில் தேயிலையைக் கொட்டி நிரப்பிவிட்டான்.

பெட்டிகள் இருந்த அறைக்குள் நான் நுழைந்தபோதே மூக்கில் ஏறியது. கெண்டை மீன். எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து முகர்ந்துகொண்டு போனேன். பின்னால் பூட்ஸ் சத்தம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானிய அதிகாரி, நான் தேயிலையின் தரத்தைச் சோதிக்கிறேன் என்று நினைத்து, "பாகுஸ், பாகுஸ்", நல்லது நல்லது, என்று தோளில் தட்டினார். பிறகு தானும் குனிந்தார். ஏழாவது பெட்டியில் நின்றுவிட்டார். வெகுநேரம் மூக்கை எடுக்கவேயில்லை.

"சியாப்பா பூஞ்யா?" யாருடையது?

"கிராணி வீட்டுப் பெட்டி, துவான்" என்றான் பெரியண்ணன், உதவி செய்கிற நினைப்பில்.

அதிகாரி முன்னால் நடக்க நாங்கள் வீட்டுக்கு ஏறினோம். ஆரோக்கியம் திரும்பி வந்து சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். அடுப்புக்கு மேலே மீன்கள். அவர் விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். பன்னிரண்டையும் ஒருமுறை பார்த்தார், என்னையும் பார்த்தார். செத்துப்போனதாக நான் எழுதிய மகனின் எட்டு நாள் சாப்பாடு எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"துவானுக்குத்தாங்க" என்றாள் ஆரோக்கியம். கடையில் கற்ற மலாயில் சொன்னாள்: "ஊந்தோக் துவான். துவானுக்குக் குடுக்கத்தான் செஞ்சோம்." ஒரு மீனைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் அதை உரித்துத் தின்னவில்லை. கத்தியால் மரத்தைச் சீவுவதுபோல மெல்லிசாகச் சீவி நாக்கில் வைத்துக்கொண்டார். "கம்போங் சாயா, லாவுத். ஈக்கான், ஆசாப்." என் ஊர், கடல். மீன், புகை. அவர் சொன்னது அவ்வளவுதான். எங்கள் நாற்றம் அவருக்கு வீட்டு வாசனையாக இருந்திருக்கிறது. அவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். நான் மிச்சப் பதினொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு ஆறு மீன். புகைக்கு அனுமதி கிடைத்துவிட்டது; பனியில் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளர் லயத்தில் எங்களை 'ஜப்பான் குசினி', ஜப்பான்காரனின் சமையலறை, என்றார்கள். சேவியருக்குப் பாதிதான் போனது. மிச்சத்தை மரவள்ளியால் நிரப்பினாள். அந்த அதிகாரி மலையை விட்டுப் போகும்வரை, வெள்ளிக்கிழமை தோறும் ஆறு மீனை எண்ணித் தனியே வைப்பேன்.

யுத்தம் முடிந்து சேவியர் இறங்கி வந்தபோது எலும்பும் தாடியுமாக இருந்தான். உயிரோடு இருந்தான். லயத்துச் சனம் வந்து பார்த்தது. கடைசியாகப் பெரியண்ணன் வந்தான். சயாமுக்குப் போனவர்களில் அவன் தம்பியும் ஒருவன், திரும்பவில்லை. சேவியரின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "செத்தவன் வந்துட்டானே, கிராணியாரே. நல்லதுலா. என் தம்பி பேருக்கு நேராவும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கலாமே." குரலில் கோபம் இல்லை. 

போன மாதம் துறையூரிலிருந்து என் தங்கை ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். மோர்மிளகாய். ஐந்து வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பொட்டலம். பிரித்த இரண்டாம் நாளே மலையின் ஈரம் அதில் ஏறி, மிளகாய் துவளத் தொடங்கியது. ஆரோக்கியம் பழைய பெட்டி இருந்த இடத்தில் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து, சின்னத் தீ மூட்டி, அவற்றைத் தொங்கவிட்டாள். ஒரு பங்கைப் பெரியண்ணன் வீட்டில் கொடுக்கச் சொன்னாள். நானே கொண்டுபோனேன். அவன் மனைவி வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை.

அன்று எண்ணெயில் பொரித்து மரவள்ளியோடு வைத்தாள். காட்டிலிருந்து வந்தபின் புகைத்த எதையும் தொடாத சேவியர், ஒன்றை எடுத்துக் கடித்தான். பேராக்கில் பிறந்தவன்; இந்தியாவைப் பார்த்ததே இல்லை. "அம்மா, இதுல வெயில் வாசம் அடிக்குது" என்றான். ஆரோக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் ஒன்றை வாயில் போட்டேன். எனக்குப் புகைதான் தெரிந்தது. வெயில் எங்கோ அடியில் இருக்கும் என்று மென்றுகொண்டே, வாசல் வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.