காலில் இல்லாத செருப்பு

கோர்ட்டில் கொடுத்த குற்றப்பத்திரிகை நகலைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே படித்தேன். படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மல்லாட்டைக் கடலை விற்ற அம்மா, "இன்னாம்மா, காயிதத்தப் பாத்து இப்டிச் சிரிச்சிக்கினு கீற?" என்றார். சிரிக்காமல் என்ன செய்வது?

நான் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்க்கிறவள். அங்கே பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கத்துக்குத் தலைவி. மாசமாக இருந்த ஒருத்தி லைனிலேயே மயங்கி விழுந்தாள். ஷிப்ட் முடியாமல் வெளியே விட முடியாது என்றார் மேனேஜர். கேட்டில் நின்று கத்தினேன். என் தொண்டை எப்பேர்ப்பட்ட தொண்டை! கேட் திறந்தது, அவளை ஆட்டோவில் ஏற்றினோம். மறுநாள் எனக்கு சஸ்பென்ஷன், கூடவே போலீஸ் கேஸ். தண்டனை விழுந்தால் என் வேலை போகும். சங்கத்துப் பெண்களும் பயந்து ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொள்வார்கள். அதற்காகவே போட்ட கேஸ் அது.

மேனேஜரின் வாக்குமூலத்தில், நான் என் காலில் அணிந்திருந்த செருப்பைக் கழற்றி அவரை அடித்ததாக எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் பொம்பளை சண்டை போட்டாள் என்று எழுத உட்கார்ந்தால் செருப்பு தானாக வந்துவிடும். ஆனால் அப்போது நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு மாலை போட்டிருந்தேன். காவிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, விழுப்புரத்திலிருந்து கோயிலுக்கு நடந்துபோய்ச் சேரும்வரை காலில் எதுவும் போடக் கூடாது. ஷூ தைக்கிற கம்பெனிக்கே வெறுங்காலோடுதான் போய்வந்தேன்.

இதைச் சொன்னபோது என் வக்கீலம்மா சிரிக்கவில்லை. "விரதம்னு நீ சொல்லுவ. கோர்ட்டு நம்பணுமே. ஏதாவது பேப்பர் இருக்கா?"

"இருக்குங்கம்மா. அவரே குடுத்தாரு."

பாதுகாப்பு விதியை மீறி வெறுங்காலோடு வந்ததற்கு விளக்கம் கேட்டு, நான் கேட்டில் கத்திய அதே நாள் காலையில்தான் மேனேஜர் எனக்கு மெமோ கொடுத்திருந்தார். வக்கீலம்மா அதை இரண்டு தடவை படித்தார். "அடிப்பாவி, இதை வெச்சிக்கினா இவ்ளோ நேரம் சும்மா உக்காந்திருந்த?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கேஸ் என்னவோ ஆடி அசைந்துதான் நகர்ந்தது. முடிவதற்குள் அன்றைக்கு வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் பேச்சே வந்துவிட்டது. மேனேஜர் கூண்டில் ஏறிய அன்று வக்கீலம்மா மெமோவை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"காலையில கால்ல செருப்பில்லன்னு மெமோ குடுத்திருக்கீங்க. சாயங்காலம் அந்தக் கால்லருந்து எந்தச் செருப்பைக் கழட்டினாங்க?"

மேனேஜர் தண்ணீர் கேட்டார். கோர்ட் பியூன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

கடைசியில் நீதிபதி, நான் சொல்ல விரும்புவது ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும்படிதான் வக்கீலம்மா சொல்லி வைத்திருந்தார். என் வாய் கேட்டால்தானே.

"கத்துனது நெசங்க ஐயா. புள்ளத்தாச்சி மயங்கிக் கெடக்குறா, கேட்டத் தெறக்கலன்னா கத்தாம இன்னா பண்றதுங்க? செருப்பு மட்டும் பொய்யிங்க. இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க."

வக்கீலம்மா தலையில் கைவைத்தார். போச்சுடா, கெடுத்துவிட்டோம் என்று நானும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

விடுதலை என்று தீர்ப்பு வந்தது. நகல் வாங்கிப் பார்த்தால், நான் சொன்னதும் அதில் இருந்தது. மயங்கிய கர்ப்பிணிக்காக உரத்த குரலில் கேட்டதைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து லைன் பெண்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். சிலர் மடித்து டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், காய்ச்சலோடு வந்த ஒரு பெண் மெஷின் மேலேயே சாய்ந்தாள். சூப்பர்வைசர், ஷிப்ட் முடியட்டும் என்றார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் ஷெட்டே அதிரக் கேட்டது.

"கேட்டத் தெறக்கச் சொல்லுங்க சார்! ஜல்தி!"

திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு மயங்கி விழுந்தாளே, அவள்தான். நான் மறுபடி உட்கார்ந்தேன்.