ஏரியில் இறங்குகிறவன்

வடக்கனந்தல் பக்கத்துப் பெரிய ஏரியில் எந்த மாதம் எந்த ஆழத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பிச்சைமுத்துவுக்குக் கால் சொல்லும். சித்திரையில் மார்பளவு வரை வெதுவெதுப்பு. அதற்குக் கீழே கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும். வெயிலில் அலைந்த பிள்ளைகள் மதகின் மேலிருந்து குதிப்பார்கள். கீழ்க்குளிர் பட்டதும் மூச்சு அடைக்கும், கெண்டைக்கால் சுண்டிக்கொள்ளும். ஆவணி, புரட்டாசியில் கல்வராயன் மலையில் மழை பிடித்தால் ஓடையில் செந்தண்ணீர் இறங்கும்; உள்ளே கண்ணைத் திறந்தால் தன் கையே தெரியாது. மார்கழி விடியலில் ஏரி ஆவி விடும். கரையில் நடுங்குகிறவனுக்குத் தண்ணீர்தான் கதகதப்பு. அதை நம்பி நடு ஏரி வரை போகிறவனுக்குத் திரும்பும்போது கை மரத்துப்போகும்.

இதெல்லாம் பெரிய வித்தை இல்லை என்பான் அவன். அக்கா கமலா ஒப்புக்கொள்ள மாட்டாள். தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். தம்பி ஏரியில் இறங்கினால் தண்ணீர் வழி விடும் என்பது அவள் பேச்சு.

அவனுக்குச் சோறு போட்டது மீன் குத்தகைக்காரரிடம் வலை இழுக்கிற வேலை. ஊர் அவனைத் தேடியது வேறு வேலைக்கு. ஏரியில் யாராவது மூழ்கிவிட்டால் அவனுக்குத்தான் போன் வரும். அது எப்போதும் மூச்சு நின்ற பிறகுதான் வரும். அவன் மூழ்கி, தடவித் தேடி, தோளில் போட்டுக் கரையேற்றுவான். கரையில் நிற்கிறவர்கள் அவன் காலைப் பிடித்து அழுவார்கள். அவர்களே மறு வாரம் கடைத்தெருவில் அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவார்கள். தியாகதுருகத்தில் பெண் கேட்டபோது, “பொணம் தூக்குற கையாலயா தாலி கட்டறது?” என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இடங்கள் அதைக்கூடக் கேட்காமலே விலகிப் போயின.

போன மார்கழியில் கள்ளக்குறிச்சி உரக்கடைக்காரர் ஜெயப்பிரகாஷின் மகன் அந்த ஏரியில் மூழ்கினான். அடித்தண்ணீர் கொல்லும் குளிர். பிச்சைமுத்து காலையிலிருந்து பொழுது சாயும் வரை முங்கி முங்கி எழுந்தான். பையனைக் கிடத்திவிட்டு அவன் உதடு நீலம் பாரித்து நின்றபோது, ஜெயப்பிரகாஷ் தன் தோளில் கிடந்த பச்சைக்கரைத் துண்டை எடுத்து அவன்மேல் போர்த்தினார்.

“நீ எங்கூடப் பொறக்காத தம்பிடா. ஒனக்குப் பொண்ணு பாத்து வெக்கிறது எம்பொறுப்பு.”

சொன்னபடி, வருடம் திரும்பியதும் இந்தத் தையில் ஓர் இடம் கொண்டுவந்தார். எலவனாசூர்கோட்டை நாராயணசாமி அவர் கடையில் உரம் வாங்குகிறவர். குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்தார். மகள் தேவிப்ரியாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

“அந்த ஏரி சமாச்சாரம் மட்டும் வாயத் தொறக்காதம்மா,” என்று ஜெயப்பிரகாஷ் கமலாவிடம் சொல்லி வைத்தார். “கல்யாணம் முடியட்டும். அப்பறம் பையப் பையச் சொல்லிக்கலாம்.”

கமலா தலையாட்டினாள். தம்பியிடம் இருக்கிற ஒரே பெருமையைத் திருட்டுச் சாமான் போல ஒளிக்கச் சொல்கிறாரே என்று உள்ளே எரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். டம்ளர்களைப் புளி போட்டுத் துலக்கி, ஒரே உயரமானவையாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள்.

நாராயணசாமியும் அவர் மனைவியும் மாப்பிள்ளை பார்க்க ஜெயப்பிரகாஷோடு வந்து உட்கார்ந்தார்கள். பிச்சைமுத்து இஸ்திரி போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். பேச்சு நன்றாகவே போனது.

“மாப்ள நாளெல்லாம் தண்ணிலயே கெடப்பாரு போல. மீன் நாத்தம் ஜாஸ்தியா இருக்குமே,” என்றாள் அந்த அம்மாள்.

“எங்க வூட்ல சோப்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க,” என்றாள் கமலா.

எல்லாரும் சிரித்தார்கள். நாராயணசாமி காபியை ஆற்றிக்கொண்டே, “இடுப்பளவு தண்ணில வல இழுக்கறது இன்னா பெரிய வேல? எங்க ஊரு பசங்க எரும வாலப் புடிச்சிக்கினே ஏரியத் தாண்டிடுவானுங்க,” என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். கமலாவுக்குப் பொறுக்கவில்லை.

“இடுப்பளவுங்களா? நடு ஏரில மூணு ஆள் ஆழங்க. எந்த மாசம் அடில எப்பிடிக் குளுரும்னு என் தம்பி கணக்கா சொல்லுவான். மார்கழி, தையின்னா அடித்தண்ணி குளுந்துபோய் மூணு நாளானாலும் மேல வராது. சித்திரன்னா மறுநாளே மெதந்துடும். அதுவும் காத்து அடிக்கிற பக்கமாத்தான்…”

“இன்னா மெதந்துடும்?” என்று கேட்டாள் அந்த அம்மாள்.

மீன் என்று சொல்லியிருக்கலாம். கமலா தம்பி பக்கம் திரும்பினாள். ஜெயப்பிரகாஷ் சுவரைப் பார்த்தார்.

“ஆளுங்கம்மா,” என்றான் பிச்சைமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு. “மூழ்கிப்போன ஆளுங்க. நாந்தான் எடுப்பேன்.”

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். நாராயணசாமி மெல்ல ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பினார்.

“ஒங்க புள்ளய எடுத்தது இவருதானுங்களா? தெரிஞ்சிக்கினேதான் எங்களக் கூட்டியாந்தீங்களா?”

“இல்லீங்க,” என்றார் ஜெயப்பிரகாஷ். “அது வேற யாரோ. இவரு இந்த வேல செய்யறதே எனக்கு இப்பத்தாங்க தெரியும்.”

பிச்சைமுத்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். பிறகு மறுபடியும் தரையைப் பார்த்தான்.

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். காபியில் ஆடை படிந்திருந்தது.

கமலா உள்ளே போனாள். கொடியில் அந்தப் பச்சைக்கரைத் துண்டு கிடந்தது. முனையோடு முனை சேர்த்து மடித்து மஞ்சள் பையில் வைத்தாள். மேலே வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து ஜெயப்பிரகாஷ் கையில் கொடுத்தாள்.

“ஒங்க பொருளு ஒண்ணு எங்க வூட்ல தங்கிப்போச்சுங்க.”

அவர் பைக்குள் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“இன்னாங்க அது?” என்றார் வாசலில் நின்ற நாராயணசாமி.

“வெத்தல பாக்குங்க,” என்றார் ஜெயப்பிரகாஷ்.

அவர்கள் போன பிறகு கமலா டம்ளர்களை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“என் வாய்தான்டா ஒனக்கு எமன்.”

“வுடுக்கா,” என்றான் அவன். “அந்தம்மா மீன் நாத்தத்துலருந்தாவது தப்பிச்சாங்க.”



வாரம் முடிவதற்குள் போன் வந்தது. மதகுப் பக்கம் ஒரு காலேஜ் பையன்.

“போவாதடா,” என்றாள் கமலா. “எவனோ பெத்த புள்ளைக்கு நீ வெறச்சுச் சாவணுமா? நாளைக்கு அவனும் ஒன்னத் தெரியாதும்பான்.”

“அவன் சொல்லிட்டுப் போறான். புள்ள அடில கெடக்குதுக்கா.”

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடியில் தேடினான்.

“அந்தத் துண்டு எங்க?”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“யாருதோ, அவங்களுக்கு.”



“தை மாசத் தண்ணிக்கா. ஏறுன ஒடனே தொவட்டலன்னா நடுக்கம் நிக்காது. அது நல்லா கெட்டித் துண்டு.”

கொடியில் பெண் வீட்டாருக்காகப் போட்ட சட்டை, துவைத்துக் காய்ந்து கிடந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தான்.