சாவி எடுத்த தூரம்

வேங்கைமரத்தூர் தீர்த்தகிரியின் முதல் பிள்ளை டோலியில் பிறந்து டோலியிலேயே இறந்தது. மூங்கில் கழியில் கட்டிய போர்வைக்குள் மனைவி நதியா கிடக்க, நான்கு பேர் தோள் மாற்றித் தார்ச்சாலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதிவழியில் போர்வை நனைந்தது. இனிமேல் எதற்கு என்று திருப்பித் தூக்கிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம்தான். அடுத்த பிரசவத்துக்குள் ஊரிலேயே ஒரு செவிலியர் வந்து உட்கார வேண்டும்.

ஜவ்வாது மலையில் இது பேராசை. ஆனாலும் அதற்கென்று ஒரு விதி இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தான். தார்ச்சாலையிலிருந்து எட்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊருக்குச் செவிலியரும் பிரசவ அறையும் உண்டு. வரைபடத்தில் வேங்கைமரத்தூர் ஆறு கிலோமீட்டரில் இருந்தது. வரைபடம் போட்டவர் காக்கை பறந்துபோகும் நேர்கோட்டை அளந்திருந்தார். காக்கையைப் பிரசவத்துக்கு யாரும் தூக்கிப்போவதில்லை என்று அவருக்கு எடுத்துச்சொல்ல ஆளில்லை. மனுவை வாங்கிய சுகாதார அதிகாரி ஒரு சலுகை காட்டினார். நம்பும்படியான கருவி ஒன்றைக் கொண்டுவந்தால், கூடப் போய் அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போட எழுத்தர் ராஜ்குமாரை அனுப்புவதாகச் சொன்னார்.

தீர்த்தகிரியிடம் காட்டுவழிக்கான உயரமான மோட்டார் பைக் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சேறு தேடி வரும் பையன்களுக்கு அவன் வழிகாட்டி. மலைக்காரர்கள் வேறு வழியில்லாமல் விழும் பாதையில் அவர்கள் செலவு செய்து விழுவார்கள். அப்படி விழுந்து தோள்பட்டை உடைந்த ஒருவன், வண்டியைப் பார்க்கவே பிடிக்காமல் இவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். வண்டியின் மீட்டர் அந்த விழுகையோடு செத்துவிட்டது. அந்தப் பையன்களின் ஹேண்டில்பாரில் தூரம் காட்டும் சின்னத் திரை ஒன்று இருப்பதைத் தீர்த்தகிரி பார்த்திருந்தான். ட்ரிப் கம்ப்யூட்டர் என்பார்கள். அதை வாங்க வேலூருக்குப் போனான்.

கடைக்காரர் வெற்றிச்செல்வன் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது செயற்கைக்கோளைப் பார்த்து அளப்பது. அடர்ந்த மரத்தடியில் அது வழி தவறிக் குறுக்கே கோடு போட்டுவிடும் என்பது பையன்களின் புலம்பலிலேயே அவனுக்குத் தெரியும். இன்னொரு காக்கை எதற்கு என்று ஒதுக்கினான். இரண்டாவது, சக்கரத்தில் பொருத்தும் காந்தத்தை வைத்துச் சுற்றை எண்ணுவது. தனி பேட்டரி. போட்டிக்குப் போகிறவர்கள் எல்லாரும் வாங்குவது அதைத்தான் என்றும், வழி தவறினால் பொத்தானை அழுத்தித் தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம் என்றும் கடைக்காரர் சொன்னார்.

தீர்த்தகிரி அதைக் கீழே வைத்தான். "கூட்டலாமா? அப்ப ஆபீசரு நான் கூட்டிட்டேன்னு சொல்லுவாரு. நம்ம கையால ஏத்தவே முடியாதது எதுனா கீதா?"

வெற்றிச்செல்வன் சிரித்தார். "எல்லாரும் ஏத்தறதுக்குத்தான் கேப்பாங்க, நீங்க இன்னாண்ணா உல்ட்டாவா கேக்கறீங்க? இந்தா, இது. இதுவும் காந்தம்தான், ஆனா வண்டி கரண்டுல ஓடுது. சாவி போட்டா முழிக்கும், எடுத்தா தூங்கும். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்."

தீர்த்தகிரி அதைத்தான் வாங்கினான். டயரில் சுண்ணாம்பு வைத்து, ஒரு சுற்று உருட்டி, சக்கரத்தின் சுற்றளவைக் கடைக்காரரே அளந்து கருவியில் ஏற்றிக் கொடுத்தார். நேர்மையான கருவி, நேர்மையான அளவு. ஊர் வந்ததும் திரையை முந்தானையால் துடைத்துப் பார்த்த நதியா, "இதுனாச்சும் நம்ம பேச்ச கேக்குமா?" என்றாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம்.

எழுத்தர் ராஜ்குமார் தார்ச்சாலையில் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். சுழியில் தொடங்கினார்கள். பாறை, ஓடை, மறுபடி பாறை. ஊருக்கு முன்னால் வேடியப்பன் சாமியின் சோலை வருகிறது. அதற்குள் வண்டியை ஓட்டக் கூடாது. இறங்கி, செருப்பைக் கழற்றி, சாவியை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, மறுமுனை வரை தள்ளிப் போக வேண்டும். ஆதிகாலத்து வழக்கம் என்று ஊரே சொல்லும். ஊருக்கு முதல் மோட்டார் வண்டி வந்து இருபது வருடம்கூட ஆகவில்லை.

அரசுச் சம்பளம் வாங்கும் பட்டதாரி ராஜ்குமாரும் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒருவர் தள்ள, ஒருவர் கும்பிட, சோலை கடந்தது. ஊரில் போய் நின்றபோது திரை ஏழு புள்ளி நான்கு காட்டியது. எழுத்தர் பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். தீர்த்தகிரியும் போட்டான். போட வேண்டியிருந்தது. கருவி பொய் சொல்லாது என்று சொன்னதே அவன்தான்.

மறுவாரம் சந்தைக்குப் போகையில் சோலை முனையில் சாவியை எடுத்தான். திரை அணைந்து எண்ணிக்கை நின்றதைப் பார்த்தான். முன்பும் பலமுறை பார்த்ததுதான். சாமி நிலத்தில் தள்ளிய தூரம் அவனுக்குத் தூரமாகவே தோன்றியதில்லை. அன்றுதான் தோன்றியது. வண்டியை அப்படியே சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

ஊர்க்கவுண்டர் சுப்பிரமணியிடம் ஓடினான். எஞ்சின் வேண்டாம், சாவியை மட்டும் போட்டுவிட்டுத் தள்ளிப் போகிறேன், ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினான். வண்டியில் விளக்கு எரிந்தால் அது ஓடுகிற வண்டிதான் என்றார் கவுண்டர்.

"சாமிய அளந்து நர்சுக்கு எடம் கேக்கறியா? உங்கம்மா உன்ன எந்த நர்சுகிட்ட பெத்தா?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரசவத்தில் பறிகொடுத்துப் புதைத்த பெண்கள் அவரவர் வீட்டிலும் உண்டு. அப்படியும் சிரித்தார்கள்.

அலுவலகத்தில் ராஜ்குமார் இரண்டு கையையும் விரித்தார். தெய்வக் காரியத்தில் தலையிட மாட்டேன் என்றும், மறு அளவுக்கு அடுத்த ஆண்டுதான் மனு வாங்குவோம் என்றும் சொன்னார்.

மாதம் நிறையும் முன்பே அடிவாரத்து ஒடுகத்தூரில் ஒரு உறவினர் வீட்டில் நதியாவைக் கொண்டுவைப்பதாக ஏற்பாடு. வலி அதற்கும் முன்பே வந்தது. ஐப்பசி மழையில் டோலிக்கு ஆள் சேரவில்லை. பட்டப்பகலில் அவளை வண்டியில் உட்காரவைத்து, பின்னால் அவள் அம்மா குப்பம்மாள் கட்டிப் பிடித்துக்கொள்ள, தீர்த்தகிரி கிளப்பினான். அவன் முதுகு ஈரமாகிக்கொண்டே வந்தது. மழை என்றே நினைத்தான்.

சோலை முனையில் வண்டி நின்றது. யாரும் மறிக்கவில்லை. பாதையில் ஒரு ஆள் இல்லை.

"சாவிய எடு மாப்ள, சாமி எடம்" என்றாள் குப்பம்மாள். முதலில் இறங்கியது பெற்ற தாய்தான்.

நதியா அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். "எடுக்காத" என்றாள்.

அவன் எடுத்தான். அதிகாரிக்கு எதிரே நின்ற கை, கவுண்டருக்கு எதிரே நீண்ட கை, அங்கே தானாகவே சாவியைத் திருகி மடியில் முடிந்தது. ஆயிரம் பேர் காவல் நின்றாலும் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது. சிறு வயதில் மண்டைக்குள் குடியேறிய பயத்துக்குக் காவலே தேவையில்லை.

நதியா செருப்பைக் கழற்றினாள். தாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முன்னால் அவன் வண்டியைத் தள்ளினான். சோலையின் நடுவே ஒரு வேரின்மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை வெளியே வரவே இல்லை. அலுவலகக் கணக்கில் இல்லாத அந்த மண்ணில் அவளும் பிள்ளையும் முடிந்துபோனார்கள்.

சோலையில் ரத்தம் விழுந்தது தீட்டு என்று ஊர் கூடிப் பேசியது. பரிகாரப் பூசையைத் தீர்த்தகிரி செய்ய வேண்டும் என்று சுப்பிரமணிக் கவுண்டர் சொல்ல, அவனும் செய்தான். ஆடு வெட்டினார்கள். குப்பம்மாள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பந்தி முடிந்த மறுநாள் அவன் தார்ச்சாலைக்கு இறங்கி, திரையைச் சுழியாக்கி, மேலே ஏறினான். சோலைக்குள் செருப்புக் காலோடு, எஞ்சின் அலற, விளக்கு எரிய ஓட்டிப் போனான். கவுண்டர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது திரை எட்டு புள்ளி ஐந்து காட்டியது. அபராதம் கேட்டு யாரும் வரவில்லை. சாமி இவனிடம் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டது, இனி இவனால் தோஷமில்லை என்று பெண்களிடம் பேச்சு ஓடியதாம். அளந்து பார்க்க அனுமதியில்லாத சோலை, ஒரு கர்ப்பிணியைத் தின்ற பிறகு அவனுக்கு வழிவிட்டது.

திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். ராஜ்குமார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தூரம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு, இப்போது வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்பறம் இன்னா அவசரம்? அடுத்த வருசம் வாங்க."