எஃகுப் பற்களைக் கழற்றியவள்

என் அக்காவை மார்க்கெட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்றால்தான் தெரியும். காய்கறி ஏலம் விடுவது அவள் வேலை, குரல் அப்படி. மூட்டை சரிந்து முன்பற்கள் உடைந்தபோது, வரிசையாக எஃகு உறை போட்டுக்கொண்டு மறுநாளே ஏலம் கூவும் பெட்டி மேல் ஏறி நின்றவள்.

அவள் தாடைக்குக் கீழே வந்த கட்டியைப் புற்றுநோய் என்றார்கள். வழக்கமான மருந்துக்கெல்லாம் அது மசியவில்லை. டாக்டரம்மா புதிதாக ஒன்று சொன்னார். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள் மருந்தைச் சுமந்துகொண்டு ஊசி வழியாகக் கட்டிக்குள் போகுமாம். வெளியே காந்தக் கருவியை ஓட்டினால் துகள்கள் சூடேறும். அந்தச் சூட்டில் கட்டி வாடும், மருந்தும் அங்கேயே இறங்கும். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, உத்தரவாதம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"ஆனா வாயில இருக்கிற எஃகும் சேர்ந்து சூடாகும். அதை எடுத்தாகணும். உறைக்கு அடியில இருக்கிற பல்லும் தாங்காது, புடுங்கத்தான் வேணும்."

அத்தான் குதித்தார். "பலிக்குமான்னே தெரியாத ஒண்ணுக்கு இருக்கிற பல்லையும் விடணுமா? பொக்கை வாயோட எப்படி ஏலம் கூவுவே? நீ என்ன சோதனை எலியா?"

"எலிகூடப் பொறிக்குள்ள சும்மா கெடக்காது. நீங்க என்னைப் படுத்துக் கெடக்கச் சொல்றீங்க." டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "புடுங்குங்கம்மா."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. கருவிக்குள் படுத்துக்கொண்டு கழுத்து கொதிக்கிறது என்பாள். நிறுத்தட்டுமா என்று கேட்டால் நர்ஸை முறைப்பாள்.

இதற்கிடையே மண்டி முதலாளி அவள் இடத்தில் ஒரு பையனை ஏற்றிவிட்டார். படுபாவி, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. போய்விடவில்லை, இன்னொரு சுற்று பாக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவோம் என்றேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தப் பிள்ளை ஆட்டோவை மார்க்கெட்டுக்கு விடச் சொன்னது.

"பல்லு வெச்சுட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

"வைத்தியம் முடியற வரைக்கும் வைக்கக் கூடாது. அதுவரைக்கும் நான் செத்தவளா, முதலாளி? தம்பி, எறங்கு."

பையன் இறங்கினான். அவள் ஏறினாள். முதல் வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது. பின்னால் ஒருவன் சிரித்தான்.

"சிரிக்கிறவரே, உங்க பல்லு நல்லாத்தான் இருக்கு. தக்காளிக்கு வெலையச் சொல்லிட்டுச் சிரிங்க!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவன் விலையைச் சொன்னான். அதற்கு மேலே கேட்க அடுத்தவன் கையைத் தூக்கினான்.