நாலு பேர் சொன்னது

காலை பதினொன்றே காலுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. என் மகள் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அவள் போனை எடுக்கவில்லை. ஆமத்தூரில் கையைக் காட்டி ஓர் ஆட்டோவில் ஏறி, விஷயத்தைச் சொன்னேன். நரைத்த தாடியோடு இருந்த ஓட்டுநர், கண்ணாடிக்குக் கீழே பாலித்தீன் உறையில் இருந்த பைபிளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

எதிரே வந்த அந்தக் கம்பெனித் தொழிலாளர்களிடம் அவரே வண்டியை நிறுத்தி, “கணக்கு எழுதுற பிள்ளையப் பார்த்தீகளா?” என்று விசாரித்தார்.

“வேப்பமரத்தடியில நிக்குது” என்றார் ஒருவர். “தண்ணித் தொட்டிகிட்ட பார்த்தேன்” என்றாள் ஒரு பெண். “ரோட்டுக்கு வந்திருச்சே” என்றார் இன்னொருவர்.

“ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே அண்ணாச்சி, யாரை நம்புறது?” என்று கத்தினேன்.

“இந்த வேதமும் பார்த்தவுக வாயால சொல்லி, பெறகு எழுதினதுதான் சார். ஏசுவோட கல்லறையப் பார்க்கப் போனது ஒரு பொம்பளையா, மூணு பொம்பளையான்னு நாலு பேரு நாலு விதமா எழுதியிருக்காக. ஒண்ணுபோல இருந்தா, கூடிப் பேசிவச்சதுன்னு நான் நம்பியிருக்க மாட்டேன். உசுரோட இருக்காருங்கிறதுல மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு. உங்க பிள்ளை விசயத்துலயும் அப்படித்தான்.”

அது வேதத்துக்குப் பொருந்துமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்று அதைப் பிடித்துக்கொண்டுதான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனி வாசலில் வெறுங்காலோடு மகள் ஓடிவந்தாள்.

“அழாதீகப்பா, ஷெட்டுதான் போச்சு, ஆளுக்கு ஒண்ணுமில்ல. போன் உள்ள மாட்டிக்கிருச்சு. உங்களுக்குப் பேச யாருகிட்டயாவது போன் கெடைக்குமான்னு மரத்தடி, தொட்டி, ரோடுன்னு அலைஞ்சுட்டேன்.”